மூன்றாவது கோடு

சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகையைப் பிடித்து, காயலான் கடையிலிருந்து தூக்கி வந்த லேத்தை ஓட வைத்தவன் நான். வாங்கும்போது அதற்குத் தலை இருந்தது, கால் இல்லை. காலை நானே அடித்துப் பொருத்தினேன். மாடம்பாக்கத்தில் மொட்டை மாடிகளில் நிற்கிற தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டுகளில் பாதி என் கை வேலை. புயலில் வேப்பமரமே சாய்ந்தபோது என் ஸ்டாண்டு ஒன்றுகூட ஆடவில்லை, போய்க் கேட்டுப் பாருங்கள். கிழக்குத் தாம்பரத்தில் ஓர் அச்சாபீஸ். அவர்களுடைய வெளிநாட்டு மெஷினில் பல்சக்கரம் உடைந்து, இனி அது கிடைக்காது என்று பெரிய இன்ஜினியரெல்லாம் கைகழுவிவிட்டார்கள். உடைந்த துண்டுகளைச் சோற்றுப் பசையால் அட்டையில் ஒட்டி அளவெடுத்து, ஒன்பதே நாளில் புதுச் சக்கரம் கொடுத்தேன். அது இன்னும் ஓடுகிறது. என் படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதிலும் பாதி. ஆங்கிலத்தில் எனக்கு எண்கள் மட்டும்தான் தெரியும்.

நான் செய்த எந்தப் பொருளானாலும் அடியில் ஒரு மூலையில் என் பெயரின் முதல் எழுத்தைப் பொறித்துவிடுவேன். நல்லதோ கெட்டதோ, செய்தவன் இன்னார் என்று தெரிய வேண்டும். வாழ்க்கையில் இரண்டே இரண்டு காரியங்களில் என் எழுத்து விட்டுப்போயிற்று. இரண்டையும் விடவைத்தவர் ஒரே பெண்மணி.

வண்டலூர் பக்கம் ஒரு மைதானத்தில் பழைய கார்களை வரிசையாக நிறுத்திக் காட்டினார்கள். நடுவில் அந்த அம்மாவின் சிவப்பு வண்டி. இத்தாலிக்காரன் செய்தது, இரண்டே சீட்டு, தரையோடு தரையாகப் படுத்திருக்கும். பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு பலகை. படிக்கச் சொல்லிக் கேட்டேன். 'இதன் டைமிங் பெல்ட்டை என் அத்தை தமது அறுபத்தெட்டாம் வயதில், வீட்டுக் கொட்டகையில், தனியாளாக மாற்றினார்.' எழுதியவர் அவருடைய அண்ணன் மகன்.

"தம்பி, தனியாளான்னு போட்டுக்கீறீங்களே, நான் கூடவே இருந்தேனே," என்றேன்.

"அங்கிள், ஒரு ஸ்குரூ எடுத்துக் குடுத்தவங்க பேரெல்லாம் போட முடியுமா?" என்று சிரித்தார்.

அவர் சிரித்ததால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த அம்மா ஆஸ்பத்திரியில், புற்றுநோய்க்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கிற பிரிவில் வேலை பார்த்தவர். எல்லோரும் சிஸ்டர் என்பார்கள். "நான் சிஸ்டர் இல்ல, டெக்னீஷியன்," என்று ஒவ்வொரு தடவையும் திருத்துவார். நாங்களும் ஒவ்வொரு தடவையும் "சரி சிஸ்டர்" என்போம். அவருடைய வேலை, கரண்ட் எங்கே பாய வேண்டுமோ அந்த இடத்தை அளந்து நோயாளியின் தோலில் ஊதா மையால் கோடு போடுவது. சிகிச்சை முடிகிறவரை அந்தக் கோட்டில் தண்ணீர் படக்கூடாது. கோடு நகர்ந்தால் கரண்டும் நகர்ந்துவிடும்.

முப்பது வருஷம் அதைச் செய்ததில் அவருக்கு ஒரு வழக்கம் ஊறிப்போயிருந்தது. முகம் நினைவில் நிற்காது, பெயரும் நிற்காது. கோடு போட்ட இடம்தான் நிற்கும். ரிட்டயர் ஆன பிறகும் கடைத்தெருவில் ஆட்களின் கழுத்தையும் நெஞ்சையும் உற்றுப் பார்த்துக்கொண்டே போவார். ஸ்பேர் பார்ட்ஸ் கடை பாய் ஒருநாள் என்னிடம் சொன்னார்:

"மச்சான், அந்தம்மா கடைக்கு வந்துச்சு. பால்பேரிங் இன்னா விலைன்னு கேட்டுகினே என் தொண்டையப் பாத்துகினு இருந்துச்சு. எனக்கு பேஜாரா பூட்ச்சு. நேரா வூட்டுக்குப் போயி கண்ணாடில தடவித் தடவிப் பாத்தேன்."

"ஒண்ணும் இல்லியே?"

"இல்ல. ஆனா அதுலருந்து சோறு முழுங்கும்போதெல்லாம் நெனப்பு வருது."

என் பட்டறைக்கு அவர் வந்தது ஒரு படத்தோடு. நோட்டுத் தாளில் பென்சிலால் போட்ட படம். இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே செருகி இரண்டையும் அசையாமல் பிடிக்கிற ஒரு தகடு. அளவெல்லாம் அரை மில்லிமீட்டர் வரை எழுதியிருந்தது. அண்ணன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, அவர் காலமான பிறகு இருபது வருஷமாக ஓடாமல் கொட்டகையில் நிற்கிற வண்டி. பெல்ட் காய்ந்து வெடித்துவிட்டது. புது பெல்ட்டை அண்ணன் மகன் தருவித்துக் கொடுத்தாராம்.

"மெக்கானிக்கை வுட்டுச் செய்யலாமே சிஸ்டர்?"

"மூணு பேரைக் கேட்டுப் பாத்தேன். மூணு பேருமே, 'வண்டியை விட்டுட்டுப் போங்க, பாத்துக்கறோம்'னாங்க. கழட்டறதுக்கு முன்னாடி எதுக்குமே அவங்க குறி போட மாட்டாங்க."

அவருக்கு என்னைத் தெரியவில்லை. அவரிடம் கரண்ட் வைத்துக்கொண்ட என் மனைவியின் பெயரைச் சொன்னேன். நினைவில்லை என்று தலையை ஆட்டினார். எந்த வருஷம் என்றேன். அதற்கும் ஆட்டினார். கடைசியில் என் விரலை என் இடது தோளுக்குக் கீழே வைத்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார்.

"காரை எலும்புக்குக் கீழ. மூணு கோடு. மூணாவது கோட்டுக்கு ரெண்டு விரல் தள்ளி ஒரு மச்சம்."

லேத் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அதன் சத்தம் கேட்கவில்லை. அந்த மச்சம் இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். அவள் போய் அப்போதே பதினோரு வருஷம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோது தீபாவளி வந்தது. "எண்ணெ தேச்சிக் குளிக்காம இன்னா தீபாவளி? தலைக்கு மட்டும்தானே," என்று அவள் சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டாள். இரண்டு கோடுகள் மங்கின. மூன்றாவது சுத்தமாகப் போய்விட்டது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "அந்தம்மா என்னைக் கொன்னுடுவாங்க," என்று அழுதாள். நான் யார்? அரை மில்லிமீட்டரைக் கண்ணாலேயே அளக்கிறவன். பட்டறையில் இரும்புக்குக் குறி போடுகிற ஊதாப் பேனாவை எடுத்தேன். மச்சத்திலிருந்து இரண்டு விரல் வைத்து ஒரு கோடு போட்டேன். "பாத்தியா, அதேதான்," என்றேன். அவளும் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள். எட்டு மாதத்தில் இறந்துபோனாள். வியாதி முன்பே பரவியிருந்தது என்றார் டாக்டர். நான் போட்ட கோட்டில் எத்தனை நாள் கரண்ட் வைத்தார்கள் என்று பதினோரு வருஷமாக யாரிடமும் கேட்கவில்லை. கேட்கக்கூடிய ஒரே ஆள் இப்போது என் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

தகட்டைச் செய்து அடியில் என் எழுத்தையும் பொறித்து, நானே அவர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அன்று முதல் தினமும் போனேன். உதவிக்கு என்று அவர் நினைத்தார். நான் அப்படித்தான் சொன்னேன்.

வீட்டுக்குள் போனதும் முதலில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. டம்ளரை எடுக்கும்போதுதான் பார்த்தேன். மேஜையில் டம்ளருக்கு அடியில் வெள்ளை நகப்பாலிஷில் ஒரு வட்டம். நாற்காலியின் நாலு காலுக்கும் தரையில் நாலு கோடு. சுவரில் கடிகாரத்தைச் சுற்றி, அலமாரியில் பைபிளைச் சுற்றி, அண்ணன் படுத்திருந்த கட்டிலின் கால்களைச் சுற்றி. டம்ளரைத் திரும்ப வைத்தபோது வட்டத்தை விட்டு விரல் நுனி அளவு தள்ளி வைத்துவிட்டேன். பேசிக்கொண்டே வந்து அதை வட்டத்துக்குள் நகர்த்திவிட்டுப் போனார்.

"எதுக்கு சிஸ்டர் இதெல்லாம்?"

"எடுக்கப் போற பொருளுக்குத்தான் குறி போடணும். எடுத்த பிறகு போட்டு என்ன பிரயோஜனம்?"

"கடியாரத்த எங்க எடுக்கப் போறீங்க?"

"என்னிக்காவது எடுக்கத்தானே போறோம்."

கொட்டகையில் வண்டியின் இடது பக்கம் என்னை நிறுத்தினார். குனிந்தார். என் இரண்டு காலையும் சுற்றித் தரையில் நகப்பாலிஷால் வரைந்தார். "இங்க நின்னீங்கன்னா வெளிச்சத்தை மறைக்க மாட்டீங்க," என்றார். எழுபது கிலோ உடம்பு எனக்கு, யாருக்கும் பயப்படாதவன். ஆனால் அந்த பிரஷ் குளிர்ச்சியாகக் குதிகாலில் பட்டபோது காலை இழுத்துக்கொள்ளத் தோன்றியது.

வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என்ஜினின் அடியில் பிஸ்டனை ஏற்றி இறக்குகிற சக்கரம் ஒன்று. மேலே வால்வுகளைத் திறந்து மூடுகிற சக்கரங்கள் இரண்டு. மூன்றையும் பல் வைத்த ஒரு ரப்பர் பெல்ட் சேர்த்துக் கட்டியிருக்கும். பிஸ்டன் மேலே வரும்போது வால்வு விலகியிருக்க வேண்டும். பெல்ட் சில பல் தப்பினால் இரண்டும் மோதும். வண்டி ஓடும்போது மோதினால் வால்வு வளையும், என்ஜின் போய்விடும். இந்த வண்டிக்கு இன்னொரு என்ஜின் இந்த ஊரில் இல்லை.

அதனால் முதலில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்தி, மூன்று சக்கரத்திலும் எதிரே உள்ள இரும்பிலும் சேர்த்து ஒரு கோடு போட வேண்டும். அந்த அம்மா கோடு போடுவதைப் பார்க்க வேண்டுமே! மூச்சை நிறுத்திவிடுவார். ஒரே இழுப்பு. "அசையாதீங்க, வலிக்காது," என்றார். என்னிடம் இல்லை, சக்கரத்திடம். மூன்று கோடு போட்டார். பிறகு என் தகட்டைச் செருகி, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற இழுவை உருளையைத் தளர்த்தி, பழைய பெல்ட்டை எடுத்தார். அது செத்த பாம்பு மாதிரி வளைந்த வளைவிலேயே நின்றது. என் தகடு சக்கரங்களை மயிரிழை அசைய விடவில்லை. அதை அவரே ஒத்துக்கொண்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவர் சர்ச்சுக்குப் போயிருந்தார். கேட் பூட்டுவதில்லை. நான் போய்ப் பார்த்தேன். சக்கரமெல்லாம் இருபது வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு. புது பெல்ட்டை இதன்மேல் போடுவதா? என் பட்டறையில் அழுக்கு இரும்பு ஒன்றைக்கூட மெஷினில் ஏற்ற விட மாட்டேன். தின்னரும் துணியும் எடுத்து வந்தேன். தகடு துடைக்க இடைஞ்சலாக இருந்தது. ஒரு நிமிஷம்தானே என்று கழற்றினேன்.

டக் என்று மேலே ஒரு சக்கரம் தானாகச் சுழன்று நின்றது. உள்ளே வால்வு ஸ்பிரிங் தள்ளியிருக்கிறது. கையில் இருந்த துணியைப் பார்த்தேன். அதில் வெள்ளையாக ஒரு தீற்றல்.

இரண்டு கோடுகள் இருந்தன. மூன்றாவது சுத்தமாகப் போய்விட்டது.

நான் என்ன செய்தேன் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். சக்கரத்தைக் கையால் திருப்பிப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். தகட்டைச் செருகினேன். அலமாரியில் அவருடைய நகப்பாலிஷ் பாட்டில், அதன் வட்டத்துக்குள் நின்றது. எடுத்துக் கோடு போட்டேன். பாட்டிலைச் சரியாக வட்டத்துக்குள்ளேயே வைத்தேன். 'அதேதான்' என்று வாய்விட்டுச் சொன்னேன். சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லை எப்போது, யாரிடம் சொன்னேன் என்று நினைவு வந்தது.

அவர் சர்ச்சிலிருந்து நேரே கொட்டகைக்கு வந்தார். தோளிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை. நான் என் காலடிக் குறிகளுக்குள் போய் நின்றுகொண்டிருந்தேன்.

"ரொம்ப சுத்தமா இருக்கே, மேஸ்திரி."

"ஆமா சிஸ்டர். அழுக்குல புது பெல்ட்டு போட்டா நிக்காது. அதான் தொடச்சி வுட்டேன்."

முதல் கோட்டை விரலால் தொட்டார். இரண்டாவதைத் தொட்டார். மூன்றாவதில் விரல் நின்றது.

"இது என் கோடு இல்ல."

"கோட்டுல இன்னா சிஸ்டர், உங்க கோடு, என் கோடுன்னு பேரா எழுதிக்கீது?" என்று சிரித்தேன்.

"நான் போட்டா ஒரே இழுப்பு. முடியற எடத்துல மெலிஞ்சு போகும். இது போயிட்டுத் திரும்பி வந்த கோடு. ரெண்டு முனையும் தடிப்பா இருக்கு. இரும்புல கீறிப் பழகின கை." கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "உங்க வீட்டம்மா உடம்புல இருந்ததும் இதே கைதான்."

உண்மைதான். நாங்கள் இரும்பில் குறி போடும்போது போய் ஒரு தடவை, வந்து ஒரு தடவை கீறுவோம். அப்போதுதான் நன்றாகத் தெரியும். தோலிலும் அப்படித்தான் போட்டிருக்கிறேன்.

"தெரியுமா சிஸ்டர் உங்களுக்கு?"

"பெல்ட்டை மாட்டுங்க."

"தப்புன்னு சொல்லிட்டு..."

"உங்க கோட்டுக்கே மாட்டுங்க. கையால மெதுவா சுத்தினா ஒண்ணும் உடையாது."

மாட்டினேன். தகட்டை எடுத்தேன். அடிச்சக்கரத்தில் ஸ்பானரைப் போட்டு என்னையே சுற்றச் சொன்னார். கால் சுற்று வந்தது. இன்னும் கொஞ்சம். பிறகு உள்ளேயிருந்து கையில் வந்து ஒன்று முட்டியது. சத்தம் இல்லை. மூடின கதவுக்குப் பின்னால் ஒரு ஆள் தோள் கொடுத்து நிற்கிற மாதிரி.

"அழுத்தாதீங்க. என்ன தொடுது?"

"வால்வு... பிஸ்டன் மேல."

"இரும்பு இப்படி முட்டி நின்னு சொல்லிடும், மேஸ்திரி. உடம்பு சொல்லாது. எங்க வச்சாலும் பேசாம வாங்கிக்கும்."

ஸ்பானரைப் பிடித்தபடியே கேட்டேன். "எத்தினி நாளு?"

"தீபாவளி டூட்டியெல்லாம் நான் பாத்தேன். எனக்கு என்ன தீபாவளி? மறுநாள் லீவு எடுத்தேன். அன்னிக்கு மெஷின்ல இருந்தவர் உங்க கோட்டை நம்பிட்டார். அடுத்த நாள் நான் வந்து பாத்தேன். அழிச்சிட்டு மறுபடி அளந்து போட்டேன்."

"ஒரு நாளா?"

"ஒரு நாள்."

"அதனாலயா சிஸ்டர் அவ...?"

"தெரியாது. அதை அளக்க என்கிட்ட எதுவும் இல்ல," என்றார்.

"ஃபைல்ல எழுதினீங்களா?"

"கோடு மறுபடி போட்டதுன்னு எழுதினேன். யார் அழிச்சது, யார் வரஞ்சதுன்னு எழுதல. எழுதினா எல்லாரும் உங்க வீட்டம்மாவைத்தான் திட்டுவாங்க. அவங்களுக்கு அப்போ திட்டு வாங்கற தெம்பு இல்ல."

நோட்டை எடுத்தார். பழைய பெல்ட்டைக் கழற்றுமுன் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே எத்தனை பல் என்று எண்ணி எழுதி வைத்திருந்தார். நான் இரண்டு பல் தப்பியிருந்தேன். என் கோட்டைத் துடைத்துவிட்டு அவர் கோட்டைப் போட்டார். பெல்ட்டைக் கழற்றி அந்தக் கோட்டுக்கு மறுபடி மாட்டி, இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினேன். மூன்று கோடும் எதிர்க் கோடுகளோடு வந்து சேர்ந்து நின்றன.

அந்த வாரமே வண்டி உயிர் பிடித்தது. மாடம்பாக்கம் கோயில் வரை ஓட்டிப் போனார், நான் பக்கத்து சீட்டில். வழியெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையாட்டினார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை, என்ஜினையே கேட்டுக்கொண்டு வந்தார். திரும்பி வந்து, கொட்டகைத் தரையில் நாலு டயருக்கும் போட்டிருந்த குறிகளின்மேல் பிசகாமல் நிறுத்தினார். "போதும்," என்றார். அப்புறம் அந்த வண்டியை அவர் தொடவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, பால் பாக்கெட் கேட்டிலேயே தொங்குவதைப் பார்த்து உள்ளே போனவன் நான்தான். கட்டிலில் நேராகப் படுத்திருந்தார். விரிப்பில் வெள்ளையாக மூன்று குறி. தலைக்கு ஒன்று, குதிகால்களுக்கு இரண்டு. ஒரே இழுப்பில் போட்ட கோடுகள், முடிகிற இடத்தில் மெலிந்தவை. மூன்றின்மேலும் உடம்பு அச்சாகப் பொருந்தியிருந்தது. எழுப்பிப் பார்க்க எனக்குக் கை வரவில்லை. தொட்டால் நகர்ந்துவிடும் என்றுதான் முதலில் தோன்றியது.

வீட்டை இப்போது அண்ணன் மகன் வைத்திருக்கிறார். குறிகளையெல்லாம் ஆள் வைத்துச் சுரண்டினாராம். பலகையைப் பற்றிச் சண்டை போட நான் போன் செய்தபோது கேட்டார், "அங்கிள், கொட்டகையில ஒரு ஜோடி கால் மட்டும் எதைப் போட்டுத் தேய்ச்சாலும் போக மாட்டேங்குது. அது யாரோடது?" நான் போனை வைத்துவிட்டேன். எடுக்கப் போகிற பொருளுக்குத்தான் அந்த அம்மா குறி போடுவார். அந்தக் கொட்டகைப் பக்கம் நான் இப்போது போவதில்லை.

ஆனால் பலகை விஷயத்தை விடமாட்டேன். தம்பி, 'தனியாளாக' என்கிற சொல்லை எடுத்துவிடுங்கள். சக்கரங்களை அசையாமல் பிடித்த தகட்டைச் செய்தவன் நான். அதைக் கழற்றியவனும் நான். மூன்றாவது கோட்டை அழித்தவன் நான், தப்பாகப் போட்டவன் நான். இரண்டு பல் தப்பியது என்றும் எழுதுங்கள், எனக்கு வெட்கமில்லை. உங்கள் அத்தை திருத்தினார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அந்த ஆஸ்பத்திரியின் பழைய ஃபைல் எங்காவது ஒரு பீரோவில் கிடக்கும். அதில் 'கோடு மறுபடி போட்டது' என்று உங்கள் அத்தை கையெழுத்தில் ஒரு வரி இருக்கும். யாராவது அதை எடுத்தால், பக்கத்தில் என் பேரையும் எழுதச் சொல்லுங்கள். எழுத்து என்ன என்று சந்தேகம் வந்தால், அந்தத் தகட்டைத் திருப்பி அடியில் பார்க்கச் சொல்லுங்கள். போயும் வந்தும் கீறியிருப்பேன், நன்றாகத் தெரியும்.